கடைசி நாள் மண்டகப்படி

“அரண்மனையைப் பகைச்சுக்கிட்டுக் கோயில் நடத்த முடியாது சாமி,” என்றார் ராயப்பன்.

வியாகுலச் சாமி கம்பங்கூழ் குடித்துக்கொண்டிருந்தார். பதில் சொல்லவில்லை. வாயில் கூழ் இருந்ததும் ஒரு காரணம்.

“நான் சொல்றது காதுல விழுதா சாமி?”

“விழுது. கோயிலை யார் நடத்துறா?”

“நாமதான்.”

“அரண்மனை என்ன செய்யுது?”

ராயப்பன் யோசித்தார். “நடத்த விடுது,” என்றார்.

“சரியாச் சொன்னீங்க,” என்று சாமி கலயத்தைச் சாய்த்து மிச்சத்தையும் குடித்தார்.

குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு ஐம்பது. பார்க்கிறவர்கள் மாற்றித்தான் நினைத்துக்கொள்வார்கள். சாமி ஒல்லி, எப்போதும் வறட்டு இருமல். ராயப்பன் ஆறடி உயரம், தேக்கு மரத் தொண்டை.

அந்தத் தொண்டைக்கு ஒரு வரலாறு உண்டு. செவ்வூற்றுப் பாளையத்தின் அரண்மனையில் அவர் இருபது வருஷம் கட்டியக்காரராக இருந்தவர். பாளையக்காரத் துரை வெளியே கிளம்பினால் பல்லக்குக்கு முன்னால் நடந்து துரையின் பட்டங்களைக் கூவ வேண்டும். மொத்தம் முப்பத்திரண்டு பட்டங்கள். ராயப்பன் மூன்றே மூச்சில் முடிப்பார். பிறகு கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து, வானதூதரான மிக்கேல் சம்மனசின் கோயிலுக்கு உபதேசியாராக வந்துவிட்டார். இப்போது அதே குரலில் ஜெபம் சொல்கிறார். செபமாலை சொன்னால் பக்கத்து ஊரில் மாடு திரும்பிப் பார்க்கும்.

கோயில் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மண் சுவர், பனையோலைக் கூரை, முன்னால் ஒரு கொடிமரம்.

அன்று திருவிழாவின் ஒன்பதாம் நாள். கொடிமரத்தடியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவன்தான் இத்தனை பேச்சுக்கும் காரணம்.

அவன் பெயர் சுடலை. வேதக்காரன் அல்ல. பெரிய குளத்து மடையைத் திறந்து அடைப்பது அவன் வேலை. மூன்று வருஷமாக மழை இல்லை. குளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் கிடந்தது. அது அரண்மனைத் தோட்டத்துக்கு மட்டும் என்று உத்தரவு. கீழப்பத்து வயல்களில் கம்பு கருகுவதைச் சுடலை ஒரு மாதம் பார்த்தான். ஒரு நாள் நடுப்பகலில், ஊரே பார்க்க, மடையைத் திறந்துவிட்டான். மூன்று நாழிகை ஓடவிட்டு, பிறகு அவனே அடைத்தான்.

மடையைத் திறந்த வலது கையை வெட்ட வேண்டும் என்று துரை சொன்னார். சுடலை ஓடி வந்து கோயில் எல்லைக்குள் புகுந்தான். அது திருவிழாவின் மூன்றாம் நாள். கொடி மேலே இருக்கும்வரை கோயில் எல்லைக்குள் வந்தவரைத் தொடக் கூடாது. அது அந்தப் பாளையத்தின் வழக்கம்.

எல்லைக்கு வெளியே பன்னிரண்டு காவலர்கள் ஈட்டியோடு நின்றார்கள். நாளை பத்தாம் நாள். கொடி இறங்கிவிடும்.

“அரண்மனையில என்ன சொல்லி அனுப்பினாங்க?” என்று சாமி கேட்டார்.

“கொடி இறங்குற வரைக்கும் காத்திருக்க வேண்டாமாம். இன்னிக்கே நாமளே அவனை வெளியே அனுப்பிட்டா கல் கோயில் கட்டித் தர்றாங்களாம். பதினாறு தூண். ஓட்டுக் கூரை. வெங்கல மணி.”

“அனுப்பலேன்னா?”

“நாளைக்கு அரண்மனை மண்டகப்படி. எண்ணெய், அரிசி, பூ, மேளம் எதுவும் வராது.”

திருவிழாவின் ஒவ்வொரு நாளையும் ஒரு தெருவார் ஏற்று நடத்துவார்கள். அந்த நாளின் செலவும் அவர்களுடையது, மரியாதையும் அவர்களுடையது. அதற்குத்தான் மண்டகப்படி என்று பெயர். செவ்வூற்றில் ஒன்பது நாள் ஒன்பது பெரிய தெருக்களுக்கு. பத்தாம் நாள் அரண்மனைக்கு.

சாமி எழுந்து கலயத்தைக் கவிழ்த்து வைத்தார்.

“சுடலைக்கு எத்தனை கை?”

“ரெண்டு சாமி.”

“கோயிலுக்கு எத்தனை தூண்?”

“பதினாறு.”

“பதினாறு தூணுக்கு ஒரு கை. மலிவாத்தான் இருக்கு.”

ராயப்பனுக்கு முகம் சிவந்தது. “நான் அவனைக் கொடுக்கச் சொல்லல சாமி.”

“வேற என்ன சொல்றீங்க?”

வேறு என்ன சொல்கிறோம் என்று ராயப்பனுக்கே தெரியவில்லை. அவர் அரண்மனையைப் பார்த்தவர். சலவைக்கல் தரையில் இருபது வருஷம் வெறுங்காலோடு நின்றவர். துரை அங்கே இருக்க, வானத்துச் சேனைக்கெல்லாம் தலைவரான சம்மனசு இந்த ஓலைக் குடிசையில் இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கல் கோயிலுக்கு அவ்வளவு ஆசைப்பட்டார். அதைச் சொல்லவும் வெட்கமாக இருந்தது.

“கூரை ஒழுகுது சாமி,” என்று மட்டும் சொன்னார்.

“மழை பெய்யட்டும். அப்புறம் ஒழுகுறதைப் பத்திப் பேசுவோம்,” என்றார் சாமி. “நீங்க போய்ச் சொல்லிட்டு வாங்க. ஆள் இங்கதான் இருப்பான். நாளைக்கு அரண்மனையை மேளதாளத்தோட எதிர்பார்க்கிறோம்னும் சொல்லுங்க.”

*

துரை வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். கேட்டதும் மெல்லுவதை நிறுத்தினார்.

“ஒரு சொட்டு எண்ணெய் போகாது,” என்றார். “ஒரு பிடி அரிசி போகாது. அரண்மனை இல்லாத திருவிழா எப்படி இருக்கும்னு உங்க சாமியார் பார்க்கட்டும்.”

ராயப்பன் கைகட்டி நின்றார்.

“உன்னைத்தான் சொல்லணும் ராயப்பா. நல்ல தொண்டையைக் கொண்டுபோய் ஓலைக் கொட்டகையில வச்சிருக்கே. இப்ப இருக்கிறவன் ஒன்பதாவது பட்டத்துல இருமுறான்.”

“மகாராஜா மனசு வைக்கணும்.”

“மனசு வச்சாச்சு. மண்டகப்படி கிடையாது. போ.”

*

ராயப்பன் திரும்பி வந்து கோயில் வாசலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“முடிஞ்சது சாமி. நாளைக்கு விளக்குகூட இல்லை. இருட்டுல கொடியை இறக்கிட்டு அவனைக் கொண்டுபோய் விட வேண்டியதுதான்.”

“பட்டயத்தை எடுத்துட்டு வாங்க,” என்றார் சாமி.

“எந்தப் பட்டயம்?”

“நமக்கு இருக்கிறது ஒண்ணுதானே.”

பீடத்துக்குப் பின்னால் துணியில் சுற்றிய ஒரு செப்புத் தகடு இருந்தது. ராயப்பன் கொண்டுவந்தார்.

“வாசிங்க. உங்க பழைய குரல்ல வாசிங்க. சுடலைக்கும் கேக்கட்டும்.”

ராயப்பன் தொண்டையைச் செருமினார். முதல் இரண்டு வரிகள் இப்போதைய துரையின் தாத்தா எழுதிக் கொடுத்தவை. இரக்கமுள்ள மனிதர் என்று சொல்வார்கள்.

“கொடி நிற்குமளவும் கோயில் எல்லைக்குள் வந்த எவர் மேலும் கை போடுவதில்லை.”

“ம்.”

“நாள் கேட்டு வந்த தெருவாருக்கு இல்லை என்னாமல், தெருவுக்கு ஒரு நாள் மண்டகப்படி கொடுக்கவும்.”

“ம்.”

மூன்றாவது வரி துரையின் அப்பா சேர்த்தது. அவருக்கு இரக்கம் எவ்வளவு இருந்ததோ தெரியாது. மரியாதையில் ஆசை நிறைய இருந்தது.

“கடைசி நாள் அரண்மனை மண்டகப்படி. அது நடந்த பிற்பாடு அரண்மனையார் கையாலேயே கொடி இறக்கவும். வேறொருவர் இறக்கலாகாது.”

சாமி இருமினார். பிறகு கொடிமரத்தை அண்ணாந்து பார்த்தார்.

ராயப்பனும் பார்த்தார்.

“நாளைக்கு அரண்மனை வராது,” என்றார் மெதுவாக.

“வராது.”

“அரண்மனை மண்டகப்படி நடக்காது.”

“நடக்காது.”

“அது நடக்காம கொடியை இறக்க முடியாது.”

“பட்டயத்தை நீங்கதானே வாசிச்சீங்க,” என்றார் சாமி.

ராயப்பன் எழுந்து நின்றுவிட்டார். சந்தோஷம் ஒரு நொடிதான். அடுத்த நொடி பயம் வந்தது.

“துரை பட்டயத்தை மீறிட்டா?”

“அவர் பாளையமே மதுரை ராஜா கொடுத்த ஒரு செப்புத் தகட்டுலதான் நிக்குது. தகட்டை மதிக்க வேண்டாம்னு முதல்ல சொல்ற ஆளா அவர் இருக்க மாட்டார்.”

“ஆனா கொடி மேல இருந்தா அது திருவிழா நாள் சாமி. திருவிழா நாள்னா மண்டகப்படி வேணும். நாளைக்கு யார் செய்வா?”

“இந்த ஊர்ல எத்தனை தெரு?”

“இருபத்தொண்ணு.”

“எத்தனை தெருவுக்கு முறை இருக்கு?”

“ஒன்பதுக்கு.”

“மிச்சம் பன்னிரண்டும் ஏன் கேக்கல?”

ராயப்பன் தகட்டைப் பார்த்தார். “கேக்கலாம்னு அவங்களுக்கு யாரும் வாசிச்சுக் காட்டல,” என்றார்.

“போய்க் கூவுங்க,” என்றார் சாமி. “உங்களுக்குத் தெரிஞ்ச வேலைதானே.”

*

முதலில் குயவர் தெருவுக்குப் போனார். இருபது வருஷம் ராஜவீதியில் கூவியவருக்கு அந்தப் புழுதித் தெருவில் கூவக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் கூவினார்.

பேச்சியம்மாள் என்ற அம்மாள் சக்கரத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்தாள்.

“எங்களையா கேக்கீக உபதேசியாரே?”

“உங்களைத்தான்.”

“எங்க மாமனார் காலத்துல ஒருக்கா கேக்கப் போயி பெரிய தெருக்காரங்க விரட்டி விட்டாக.”

“பட்டயத்துல இல்லை என்னக் கூடாதுன்னு போட்டிருக்கு. நானே வாசிச்சேன்.”

பேச்சியம்மாளுக்குக் கண் கலங்கியது. அதை மண் கையால் துடைத்து முகமெல்லாம் அப்பிக்கொண்டாள்.

“எங்ககிட்ட எண்ணெயும் அரிசியும் ஏது? மண்ணுதான் இருக்கு.”

ராயப்பன் திரும்பி வந்து சாமியிடம் கேட்டார்.

“மண்ணைக் கொண்டு வரச் சொல்லுங்க,” என்றார் சாமி.

பத்தாம் நாள் குயவர் தெருவார் ஆயிரம் அகல் விளக்கு கொண்டுவந்தார்கள். கோயிலைச் சுற்றி வரிசை வரிசையாக வைத்தார்கள். எண்ணெய் இல்லை, திரி இல்லை. வெறும் அகல்கள். சம்மனசின் சப்பரம் அவற்றுக்கு நடுவே சுற்றி வந்தது. ராயப்பன் ஜெபம் சொன்னார். அப்படி ஒரு மண்டகப்படியை அவர் கனவிலும் கண்டதில்லை. அவருக்கு அவமானமாக இருந்தது.

செக்கடித் தெருக்காரர்களுக்கு அதைவிட அவமானமாக இருந்தது. ஆயிரம் விளக்கு காலியாகக் கிடக்க, எண்ணெய் ஆட்டுகிறவர்கள் எப்படித் தூங்க முடியும்? மறுநாள் விடிந்ததும் நாலு பேர் வந்து நின்றார்கள்.

“எங்க தெருவுக்கும் நாள் உண்டுங்களா?”

“உண்டு.”

“விளக்கை அப்படியே வச்சிருங்க.”

பதினோராம் நாள் ஆயிரம் விளக்கும் எரிந்தன. பன்னிரண்டாம் நாள் சலவைத் தெருவார் சப்பரம் போகிற வழி முழுக்க வெள்ளை விரித்தார்கள். அதுவரை துரை நடக்கும்போது மட்டும்தான் அவர்கள் அப்படி விரித்திருக்கிறார்கள். பதின்மூன்றாம் நாள் பாய் முடைகிறவர்கள். அவர்களுடைய பள்ளிவாசல் மோதினார் முன்னால் நடந்து வந்தார்.

பதினான்காம் நாள் காலையில் அரண்மனையிலிருந்து எட்டு வண்டிகள் வந்தன. அரிசி, எண்ணெய், பூ. முன்னால் பிரதானி. அவர்தான் துரைக்கு அடுத்த அதிகாரி.

“அரண்மனை மனசு இறங்கியிருக்கு,” என்றார் பிரதானி. “இன்னிக்கு எங்க மண்டகப்படி. சாயங்காலம் கொடி இறக்கிடலாம்.”

சாமி கும்பிட்டு வரவேற்றார். பிரதானிக்கு மோர் கொடுக்கச் சொன்னார்.

“அரண்மனைக்குக் கடைசி நாள்தான் மரியாதை,” என்றார். “இன்னிக்குக் கொடுத்துட்டா பட்டயத்துக்கு விரோதம். துரையோட அப்பாவுக்கே அவமரியாதை.”

“கடைசி நாள் என்னிக்கு?”

“இன்னும் எட்டுத் தெரு பாக்கி இருக்கு.”

பிரதானி மோரைக் குடித்தார். எட்டு வண்டியையும் திருப்பிக்கொண்டு போனார்.

அன்று ராயப்பன் முதல்முறையாகச் சிரித்தார். சிரித்துவிட்டு, “தப்பா சாமி?” என்று கேட்டார்.

“இருமுறது தப்பில்லையே. சிரிக்கிறதும் அப்படித்தான்,” என்றார் சாமி.

*

பதினேழாம் நாள் கீழப்பத்துத் தெருவாருடையது. சுடலையின் தெருவும் அதுதான். அவர்கள் கதிர் கொண்டுவந்தார்கள். பச்சைக் கம்பங்கதிர். மூன்று நாழிகைத் தண்ணீரில் பிழைத்துப் பால் பிடித்த கதிர்கள். ஒவ்வொருவரும் வந்து ஒரு கதிரைச் சுடலையின் முன்னால் காட்டிவிட்டுப் பிறகு பீடத்தில் வைத்தார்கள். சுடலை முழங்காலில் முகத்தை வைத்து அழுதான். இத்தனை நாளும் அவன் அழவில்லை.

வெளியே நின்ற காவலர்களும் அதைப் பார்த்தார்கள். முதல் வாரம் ஈட்டியை நிமிர்த்தி நின்றவர்கள், இரண்டாம் வாரம் ஈட்டியைச் சாய்த்து உட்கார்ந்தார்கள். இப்போது சப்பரம் வந்தால் எழுந்து தலைப்பாகையை எடுத்தார்கள்.

இருபதாம் நாள் முடிந்ததும் அவர்களில் மூத்தவன் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கமாகவே நின்று ராயப்பனைக் கூப்பிட்டான்.

“உபதேசியாரே, காவல் தெருவும் ஒரு தெருதானே?”

ராயப்பனுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. “நீங்க அரண்மனை ஆளுங்களாச்சே.”

“ஆளு அரண்மனையோடது. தெரு எங்களோடது.”

“என்ன கொண்டு வருவீங்க?”

அவன் சங்கடப்பட்டான். “எங்ககிட்ட ஈட்டிதான் இருக்கு.”

கோயில் முன்னால் இருந்த பந்தல் இருபது நாளில் தொய்ந்து போயிருந்தது. ஜனம் குனிந்துதான் போனது. இருபத்தொன்றாம் நாள் பன்னிரண்டு ஈட்டிகள் தலைகீழாக மண்ணில் ஊன்றப்பட்டன. பந்தல் நிமிர்ந்தது. அன்று சுடலையும் காவலர்களும் ஒரே பந்தலின் நிழலில் கூழ் குடித்தார்கள். இருந்தாலும் உத்தரவு உத்தரவுதான் என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரிந்திருந்தது. கொடி இறங்கினால் அதே காவலர்கள்தான் அவனை இழுத்துப் போக வேண்டும்.

கூழ் குடித்த கையோடு ராயப்பன் சாமியிடம் வந்தார்.

“பன்னிரண்டு தெருவும் முடிஞ்சது சாமி. நாளைக்கு ஆள் இல்லை.”

“எல்லாத் தெருவும் முடிஞ்சதா?”

“எல்லாம்.”

“நீங்க எந்தத் தெரு?”

“நான் கோயில் வளவுலதானே குடியிருக்கேன். எனக்குத் தெரு ஏது?”

“வளவுல வேற யார் குடியிருக்கா?”

“நான் ஒருத்தன்தான்.”

“அப்ப உங்க தெருவுக்கு ஒரு நாள் பாக்கி இருக்கு,” என்றார் சாமி.

ராயப்பன் கையை விரித்தார். “நான் என்னத்தைக் கொண்டு வருவேன் சாமி? எங்கிட்ட இந்தத் தொண்டையைத் தவிர ஒண்ணும் இல்லை. சரி, ஒரு நாள் கழியும். அதுக்கு மறுநாள்?”

சாமி கொடியை அண்ணாந்து பார்த்தார். அவருக்கும் தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அது ராயப்பனுக்கு எந்தப் பதிலையும்விடப் பெரிய பயமாக இருந்தது.

*

இருபத்திரண்டாம் நாள் காலையில் துரையே வந்துவிட்டார்.

அடுத்த பாளையத்திலிருந்துகூட ஜனம் வந்து பார்க்கிற திருவிழாவாம். அரண்மனை இல்லாமலே நடக்கிறதாம். இதைக் கேட்டுக்கொண்டு அவரால் எத்தனை நாள் உட்கார்ந்திருக்க முடியும்? பல்லக்கு எல்லைக் கல்லருகே நின்றது. முன்னால் புதுக் கட்டியக்காரன். வெயிலும் புழுதியும் சேர்ந்து, ஒன்பதாவது பட்டத்தில் அவனுக்கு இருமல் வந்துவிட்டது.

“நிறுத்து,” என்றார் துரை. “ராயப்பா, நீ சொல்லு. கேட்டு ரொம்ப நாளாச்சு.”

பந்தல் முழுக்க ஜனம். எல்லோரும் ராயப்பனைப் பார்த்தார்கள்.

ராயப்பன் கும்பிட்டார். “மன்னிக்கணும் மகாராஜா. இன்னிக்கு என் தெரு மண்டகப்படி. என் குரலைச் சம்மனசுக்குக் கொடுத்துட்டேன்.”

“உன் தெருவா?”

“நான் ஒருத்தன்தான் தெரு.”

துரைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி. சம்மனசுக்கு எப்படிக் கூவுறேன்னு கேப்போம்.”

ராயப்பன் கொடிமரத்தருகே போய் நின்றார். காலை அகற்றி, நெஞ்சை நிமிர்த்தி, வலது கையைக் காதோரம் வைத்தார். அரண்மனையில் நின்ற அதே நிற்பு.

“அகல் தந்த குயவர் தெருவார்,” என்று கூவினார். “ஒளி தந்த செக்கடித் தெருவார். வழியெல்லாம் வெள்ளை விரித்த சலவைத் தெருவார். இருக்கப் பாய் தந்த பள்ளிவாசல் தெருவார்.”

குரல் குளக்கரை வரைக்கும் போய்த் திரும்பியது. ஒவ்வொரு தெருவாகச் சொன்னார். தங்கள் தெருப் பெயரை அந்தக் குரலில் அந்த ஜனங்கள் அதுவரை கேட்டதில்லை. பேச்சியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பசுங்கதிர் தந்த கீழப்பத்துத் தெருவார். ஈட்டியைப் பந்தக்கால் ஆக்கின காவல் தெருவார்.”

அதோடு நிறுத்தினார்.

துரை காத்திருந்தார். பிறகு, “எங்களை விட்டுட்டே,” என்றார்.

இன்னும் இரண்டு தெரு பாக்கி இருக்கிறது என்று ஒரு பொய் காலையிலிருந்து ராயப்பனின் நாக்கு நுனியில் நின்றது. ஒரு பொய், இரண்டு நாள். பட்டத்திலெல்லாம் எத்தனை பொய்யைக் கூவியிருக்கிறார். இது ஒன்றும் பெரிதில்லை. ஆனால் இன்று குரல் அவருடையதாக இல்லை.

“அரண்மனை முறை நாளைக்கு மகாராஜா,” என்றார். “வேற தெரு பாக்கி இல்லை. நாளைக்குச் சாயங்காலம் கொடியை இறக்கிடலாம்.”

பந்தலில் ஒரு முனகல் எழுந்து அடங்கியது. சுடலை தலையைக் குனிந்துகொண்டான்.

“நல்லது,” என்றார் துரை. “நாளைக்கு எங்களையும் சேர்த்துக் கூவு. எல்லாருக்கும் முன்னால.”

“கூவுறேன். என்ன தந்ததாச் சொல்லணும்?”

“எட்டு வண்டி அரிசி.”

“தானியம் கீழப்பத்துத் தெருவார் தந்தாச்சு. அவங்களுக்குப் பின்னாலதான் வரும்.”

“நூறு குடம் எண்ணெய்.”

“செக்கடித் தெருவுக்குப் பின்னால.”

துரையின் முகம் மாறியது. பல்லக்கின் கைப்பிடியில் விரலால் தட்டினார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“கல் கோயில். பதினாறு தூண். நாளைக்கே கல்லு வந்து இறங்கும்.”

ராயப்பன் திரும்பிச் சாமியைப் பார்த்தார். சாமி முதுகைக் காட்டிக்கொண்டு, பந்தலில் அவிழ்ந்திருந்த ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். நிதானமாக, ஏதோ அந்தக் கயிறு ஒன்றுதான் அன்றைக்கு வேலை என்கிற மாதிரி.

“கல் கோயில் தந்த துரைன்னு கூவலாம் மகாராஜா,” என்றார் ராயப்பன். குரல் கம்மியது. “அதே நேரத்துல இவன் கையும் விழும். ஜனங்க எதை ஞாபகம் வச்சுக்குவாங்கன்னு நான் சொல்ல முடியாது. இருபது வருஷம் உங்க பட்டத்தைக் கூவியிருக்கேன். ஜனங்க அவங்களா திருப்பிச் சொன்ன பட்டம் அதுல ஒண்ணுகூட இல்லை.”

“முப்பத்திரண்டுல ஒண்ணுகூடவா?”

“ஒண்ணுகூட இல்லை.”

பிரதானி முன்னால் வந்தார். துரை அவரைக் கையமர்த்தினார். துரைக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. ஆனால் கோபத்துக்கு முன்னால் வேறு ஏதோ வந்துவிட்டது. அவர் பந்தலைப் பார்த்தார். தன் சொந்தக் காவலர்களின் ஈட்டிகள் தலைகீழாக நிற்பதைப் பார்த்தார்.

“அப்ப இவங்க யார்கிட்டயும் இல்லாதது எங்கிட்ட என்னதான் இருக்கு?” என்று கேட்டார்.

ஏளனமாகக் கேட்க நினைத்தார். உண்மையாகவே கேட்டது மாதிரி வந்துவிட்டது.

“சுடலையோட வலது கை,” என்றார் ராயப்பன். “அது உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு.”

சாமி கயிற்றின் முடிச்சை இறுக்கினார்.

துரை வெகுநேரம் சுடலையைப் பார்த்தார். சுடலை நிமிரவில்லை.

“அதைக் கொண்டு வந்தா,” என்றார் துரை, “நீ எப்படிக் கூவுவே?”

ராயப்பன் யோசிக்கவில்லை. கையைக் காதோரம் வைத்தார்.

“கை தந்த துரை.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான் மகாராஜா.”

துரைக்கு ஏமாற்றமாக இருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பந்தலின் பின்பக்கத்தில் யாரோ ஒரு கிழவி, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது மாதிரி, “கை தந்த துரை,” என்றாள். பக்கத்தில் இருந்தவள் சொன்னாள். பேச்சியம்மாள் சொன்னாள். கீழப்பத்துக்காரர்கள் சொன்னார்கள். யாரும் கூவவில்லை. பேசுகிற குரலில்தான் சொன்னார்கள். காவலர்களின் மூத்தவன் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

அந்தச் சொல் பந்தலைச் சுற்றி வந்து பல்லக்கின் அருகே ஓய்ந்தது.

துரை பல்லக்கை இறக்கச் சொன்னார். இறங்கி எல்லைக் கல்லைத் தாண்டி வந்தார்.

“காவலை எடுத்துருங்க. இவன் வீட்டுக்குப் போகட்டும்,” என்றார் பிரதானியிடம்.

பிறகு ராயப்பன் பக்கம் திரும்பினார்.

“இன்னொரு தரம் சொல்லு,” என்றார்.